மடுவில் நிற்கும் சால்மனுக்கு எந்த ஈயைக் கட்டுவது, எப்படி அனுப்புவது?

கரைநிற்போன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிரவுட் மீனுக்கு ஈத்தூண்டில் (முள்ளில் மயிரும் இறகும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈ) வீசிப் பழகி ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சால்மனுக்கு இது மூன்றாம் ஆண்டுதான். வருகிற ஏப்ரல் கடைசி வாரத்தில் ஸ்காட்லாந்தின் டீ நதியில் மூன்று நாள்களுக்கு இடம் பிடித்திருக்கிறேன். போவதற்கு முன், சென்ற ஆண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லி அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ட்வீட் நதியின் நீளமான மடு ஒன்றில் காலையிலிருந்து மதியம் வரை நின்றேன். பெட்டியில் அறுபதுக்கு மேற்பட்ட ஈக்கள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு முறை வீசுவேன், ஒன்றும் நடக்காது, ஈயை மாற்றுவேன். இப்படி அந்த ஒரு காலையில் மட்டும் பதினொரு ஈக்களை மாற்றியிருக்கிறேன். மீனே இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை, ஏனெனில் மடுவின் நடுவே ஒரு பெரிய மீன் இரண்டு முறை முதுகைக் காட்டிப் புரண்டது. மதிய உணவுக்குப் பிறகு அதே மடுவில் இறங்கிய ஒரு பெரியவர், விரல் நகத்தளவே இருந்த ஒரு கறுப்பு ஈயைக் கட்டி, அரை மணி நேரத்துக்குள் ஒரு மீனைப் பிடித்து, விடுவித்துவிட்டுக் கரையேறினார். அருகில் போய் அந்த ஈயைப் பார்த்தேன். வெள்ளி உடலும் கறுப்பு மயிரும் கொண்ட சாதாரண சில்வர் ஸ்டோட். அதே ஈ என் பெட்டியில் நான்கு இருந்தது. காலையில் அதையும் ஒரு பத்து வீச்சுக்குக் கட்டித்தான் பார்த்திருந்தேன்.

எனவே, ஈயைத் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையிலேயே ஏதேனும் முறை இருக்கிறதா, எப்போது மாற்ற வேண்டும், ஒரு மடுவைத் தலையிலிருந்து வால் வரை எப்படிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

நீர்மானி எழுதியது:

வணக்கம் நண்பரே. டிரவுட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பழக்கத்தைத் தம்மோடு கொண்டுவருகிறார்கள். நீரில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதைப் போன்ற ஈயைக் கட்ட வேண்டும், மீன் மறுத்தால் அது வேறொன்றைத் தின்கிறது என்று பொருள் என்பதே அந்தப் பழக்கம். கடலிலிருந்து முட்டையிட நதிக்குள் ஏறிவிட்ட சால்மனோ உணவு உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பல மாதங்களைக் கழித்துவிடுகிறது. அதன் குடலும் சுருங்கிப்போகிறது. ஆகவே அது எதைத் தின்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. எரிச்சலாலா, குஞ்சாக நதியில் வளர்ந்த காலத்தின் பழைய பழக்கத்தாலா, கடலில் இறாலைத் துரத்திய நினைவாலா, எதனால் அது ஈயைக் கவ்வுகிறது என்பதில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. எனக்குப் பயன்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்றைய நீரில் இந்த மீன் எவ்வளவு தூரம் நகர்ந்து வர விரும்பும்?

அதைச் சொல்வது வெப்பமானி. நான் நீரில் இறங்கியதும் முதலில் செய்வது, ஈப்பெட்டியைத் திறக்காமல், வெப்பமானியை இரண்டு நிமிடம் நீரில் பிடித்துப் பார்ப்பதுதான். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் என்பதைப் பழைய ஆட்கள் எல்லைக்கோடாக வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே மீன் சோம்பிக் கிடக்கும், மேலெழுந்து வராது, பெரிய ஈ ஒன்று அதன் மூக்குக்கு அருகில் மெதுவாகப் போக வேண்டும். அதற்கு மேலே, மீனே எழுந்து வந்து மேற்பரப்பை ஒட்டிப் போகும் சிறிய ஈயைக் கவ்வும். இது கத்தி கொண்டு வெட்டியது போன்ற எல்லை அன்று. நீர் 7 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கும் நாள், 11 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு இறங்கிய நாளைவிடப் பல மடங்கு நல்ல நாள்.

அளவைப் பற்றிச் சொல்கிறேன். முள்ளின் எண் கூடக் கூட அளவு குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதக் குளிர்நீரில் ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையுள்ள குழல் ஈக்கள், அதாவது சிறு குழலின் மீது மயிர் கட்டிய ஈக்கள், பயன்படும். அவற்றின் குழல் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். ஒரே நீளமுள்ள குழல்களில் பிளாஸ்டிக் மிதமானது, அலுமினியம் அதைவிடக் கனமானது, செம்பும் பித்தளையும் நன்றாக அமிழும். ஏப்ரல் கடைசியில் டீ நதி பெரும்பாலும் இடைப்பட்ட நிலையில் இருக்கும். கெய்ர்ன்கார்ம் மலைகளின் பனி உருகி இறங்கிக்கொண்டிருந்தால் காலையில் குளிர்ந்தும், மாலையில் சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த வாரத்துக்கு 6ஆம் எண்ணும் 8ஆம் எண்ணும் கொண்ட இரட்டை முள் ஈக்களை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் உயர்ந்து கலங்கினால் ஓர் அங்குலக் குழலுக்குப் போகலாம். நீர் வற்றித் தெளிந்தால் 10க்கு இறங்கலாம்.

நிறத்தை நான் மூன்றாவதாகத்தான் எண்ணுகிறேன். மக்கிய தாவரங்கள் நிறைந்த கரிநிலத்திலிருந்து வரும் நீர் தேநீர் வண்ணத்தில் இருந்தால் மஞ்சளும் ஆரஞ்சும் அதில் நன்றாகத் தெரியும். கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு மயிர் கலந்த வில்லி கன் என்ற ஈ அதனால்தான் வடக்கே இவ்வளவு பெயர் பெற்றது. தெளிந்த நீருக்குக் கறுப்பும் வெள்ளியும், அல்லது கொஞ்சம் நீலம். இலையுதிர் காலத்தில் அல்லீஸ் ஷ்ரிம்ப், கேஸ்கேட் போன்ற ஆரஞ்சு கலந்தவை. இந்த இரண்டையும் உருவாக்கியவர் அலஸ்டர் கௌவன்ஸ் என்ற ஒரே ஆள்தான் என்பதை நினைத்தால், அறுபது ஈக்களில் எத்தனை உண்மையில் வேறுபட்டவை என்ற ஐயம் உங்களுக்கும் வரும்.

சுருங்கச் சொன்னால், ஆழத்தை முதலில் மாற்றுங்கள், அளவை அடுத்து மாற்றுங்கள், நிறத்தை மாற்றிப் பார்ப்பது வேறு வழியில்லாதபோது. பதினொரு ஈக்களை மாற்றிய அந்தக் காலையில் கயிற்றின் நுனியை ஒரு முறையாவது மாற்றினீர்களா? மிதக்கும் கயிற்றின் முனையில் மெதுவாக அமிழும் பத்தடி நுனியைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை.

---

பழையகோல் எழுதியது:

நீர்மானி ஐயா சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆயினும் கேட்டவரின் கதையில் எனக்குப் பட்டது வேறு. அந்தப் பெரியவர் கட்டிய ஈயை இவரும் கட்டியிருக்கிறார்; அதே மடு, ஏறத்தாழ அதே நீர். பத்து வீச்சுக்கு ஒரு முறை நின்று ஈயை மாற்றிய இவர், அந்த மடுவின் எத்தனை அடியை உண்மையில் கடந்தார்? என் கணிப்பு, முதல் நாற்பது அடியிலேயே நின்றிருப்பார் என்பதுதான். சால்மனைத் தேடிப் போவது ஒரு வயலை உழுவது போன்றது. சால் விடாமல் உழ வேண்டும்; ஒரே சாலில் பதினொரு முறை கலப்பையை ஓட்டிப் பயனில்லை.

முதலில் மடுவைப் பார்ப்போம். மேலே ஆறு கற்களின் மீது இரைந்து ஓடி, ஓரிடத்தில் குறுகி, ஆழத்துக்குள் விழுகிறதல்லவா, அது மடுவின் கழுத்து. கோடையில் நீர் வற்றிச் சூடானால் மீன் அங்கே போய் நிற்கும், ஏனெனில் நுரைத்து விழும் நீரில்தான் உயிர்க்காற்று மிகுதி. கழுத்துக்குக் கீழே ஓட்டம் தளர்ந்து அகலும் பகுதி மடுவின் வயிறு. அதன் மிக ஆழமான குழியில் மீன் கிடக்கலாம். ஆனால் அங்கே கிடக்கும் மீன் பெரும்பாலும் கவ்வாது. நீங்கள் கண்ட புரண்ட மீன் நடு மடுவில் என்றால், அதற்காகக் காலை முழுவதையும் செலவழித்தது வீண் என்றே சொல்வேன். அதற்கும் கீழே நீர் மீண்டும் ஆழம் குறைந்து, மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகி, அடுத்த விரைவோட்டத்தில் சரிவதற்கு முன் வரும் பகுதி வால். கீழேயுள்ள விரைவோட்டத்தில் முட்டி மோதி ஏறிவந்த மீன் முதலில் மூச்சு வாங்கி நிற்குமிடம் அதுதான். ஏப்ரலில் மீன் ஏறிக்கொண்டே இருக்கும் காலமாதலால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாலுக்கு மிகுந்த நேரம் ஒதுக்குவேன். பலர் வாலை எட்டுவதற்குள் சலித்துக் கரையேறிவிடுகிறார்கள்.

இவற்றுக்குள்ளும் மீன் நிற்கும் இடங்கள் உண்டு. மூன்றடி முதல் ஆறடி வரை ஆழம், நடந்து போகும் மனிதனின் வேகத்தில் ஓட்டம், அருகில் ஒரு பாறை, இம்மூன்றும் சேர்ந்தால் அங்கே கவனம் வையுங்கள். பாறைக்குப் பின்னால் மட்டுமன்று, முன்னால் நீர் முட்டித் தணியும் இடத்திலும், இரு பக்கங்களிலும் மீன் நிற்கும். நீருக்கடியிலுள்ள பாறை மேற்பரப்பில் எழுப்பும் குமிழ், பாறைக்கு நேர் மேலே தெரிவதில்லை, சில அடி கீழே தள்ளித்தான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நடை. மடுவின் கழுத்துக்கு மேலேயே, ஓட்டம் விழத் தொடங்கும் இடத்திலேயே, குறுகிய கயிற்றோடு தொடங்குங்கள். கீழ்நோக்கி ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில், அக்கரையை நோக்கி வீசுங்கள். ஈ ஒரு வில் வளைவாக உங்கள் கரையை நோக்கி வந்து, நேர் கீழே தொங்கி நிற்கும். அப்படித் தொங்கும்போது பத்து எண்ணுங்கள். பிறகு இரண்டு பிடி கயிற்றை மெதுவாக இழுங்கள். அதன் பிறகே அடுத்த வீச்சு. பின்தொடர்ந்து வந்த மீன் பல நேரங்களில் அந்தத் தொங்கலில்தான் கவ்வும். அடுத்த வீச்சுக்கு முன் இரண்டு எட்டு எடுத்துவைத்துக் கீழே இறங்குங்கள். நீர் குளிராக இருந்தால் ஓர் எட்டு. இருபது, இருபத்தைந்து கெஜத் தூரம் ஒழுங்காக விழுந்தால் போதும். முப்பத்தைந்து கெஜம் வீசி, கயிறு சுருண்டு விழுந்து, அது நிமிர்வதற்குள் பாதி வளைவு போய்விட்டது என்றால் அந்த வீச்சு நீரை அடித்ததோடு சரி.

வேகத்தை ஆள்வதுதான் கைவேலை. நடுவில் ஓட்டம் விரைந்தும் உங்கள் பக்கம் தளர்ந்தும் இருந்தால், கயிற்றின் நடுப்பகுதி கீழ்நோக்கி வயிறு தள்ளி, ஈயைச் சாட்டை நுனி போல இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது கோலின் நுனியால் அரை வட்டம் போட்டு, கயிற்றை மேல்நோக்கித் தூக்கி வையுங்கள், ஈ தணியும். மடுவின் வயிற்றில் தேங்கிய நீரில் ஈ செத்தது போல நின்றுவிட்டால் நேர்மாறாகக் கீழ்நோக்கித் தூக்கி வைக்க வேண்டும், அல்லது இடக்கையால் மெல்ல இழுத்துக்கொடுக்க வேண்டும். கோணத்தாலும் இதைச் செய்யலாம்: அக்கரைக்கு நேராக வீசினால் ஈ விரையும், கீழ்நோக்கிக் கூடுதலாகச் சாய்த்து வீசினால் தணியும்.

நீங்கள் போகும் டீ நதிக்கும் இந்தக் கைவேலைக்கும் பழைய உறவு உண்டு. அந்நதியின் கெய்ர்ன்டன் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆர்தர் வுட் என்பவர், அன்றைய பட்டுக் கயிற்றுக்குக் கொழுப்புப் பூசி மிதக்கவைத்து, மயிர் குறைந்த மெலிந்த சிறு ஈக்களை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அனுப்பி, கயிற்றை மேல்நோக்கித் தூக்கி வைத்து வேகத்தை அடக்கும் முறையைப் பெயர்பெறச் செய்தார். இன்று நாம் மிதக்கும் கயிற்றால் செய்வதெல்லாம் அதன் வழிவந்ததே. ஈயின் பெயரைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. அளவைப் பற்றி மிகவும் அலட்டிக்கொண்டார்.

ஒரு மடுவை இப்படி ஒரே ஈயால் முழுதாக ஒரு முறை முடித்துவிட்டு, கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்து, மடுவுக்கும் சற்று ஓய்வு கொடுத்து, பிறகு மாற்றுங்கள். மாற்றுவதானால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமாக இருக்கட்டும்.

---

வால்மடு எழுதியது:

இரு பெரியவர்களும் ஈயின் வடிவத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஈ எப்படி நகர்கிறது என்பது அதன் வடிவத்தில்தானே இருக்கிறது? விறைத்த மயிர் கொண்ட ஈயும், நரியின் மென்மயிர் கொண்ட ஈயும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் போனாலும், ஒன்று குச்சி போலப் போகும், மற்றொன்று மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். மெதுவான மடுக்களில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

மேலும், மடுவை முறைப்படி ஒரு முறை முடித்தும் ஒன்றும் நடக்காதபோது நான் செய்வது, எல்லா விதிகளையும் தலைகீழாக்குவதே. சன்ரே ஷேடோ என்றொரு குழல் ஈ உண்டு. நார்வேயின் லார்டால் நதியில் ரே புரூக்ஸ் என்பவர் உருவாக்கியது. தொடக்கத்தில் கொலோபஸ் குரங்கின் நீண்ட கறுப்பு மயிரால் கட்டப்பட்டது, இப்போது ஆட்டு மயிரால் கட்டுகிறார்கள். மூன்று, நான்கு அங்குலம் நீளமாக, ஈர்க்குப் போல மெலிந்திருக்கும். அதை அக்கரைக்கு நேராக வீசி, இரு கையாலும் கயிற்றைப் பரபரவென்று இழுத்து, மேற்பரப்பைக் கீறிக்கொண்டு வரச் செய்வேன். நீர் 10 டிகிரியைத் தாண்டிய நாள்களில், தூங்கிக் கிடந்த மீன் அலையெழுப்பிக்கொண்டு பின்னால் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது கவ்வாமல் திரும்பிப் போனாலும், எங்கே படுத்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சற்று நேரம் கழித்து அங்கே 10ஆம் எண் கறுப்பு ஈயை அமைதியாக அனுப்பினால் பல முறை கவ்வியிருக்கிறது.

மேற்பரப்பைக் கீறும் ஈ என்றதும் நினைவுக்கு வருவது, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள போர்ட்லண்ட் கிரீக்கில் பிறந்த முடிச்சு. கப்பற்படை அதிகாரிகள் விட்டுச்சென்ற பழைய ஈக்களில், முள்ளின் கண்ணாக வைத்துக் கட்டியிருந்த குடல்நார் வளையம் இற்றுப்போய் அறுந்துவிடுமாம். ஆகவே அவ்வூர்க்காரர்கள் ஈயின் கழுத்திலேயே கூடுதலாக இரண்டு சுருக்குப் போட்டுக் கட்டினார்கள். கயிறு பக்கவாட்டில் இழுத்ததால் ஈ அமிழாமல், நீர்மேல் சிறு கோடு கீறிக்கொண்டு வந்தது. மீன்களுக்கு அது பிடித்துப்போனது என்று சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தூண்டில்காரரும் எழுத்தாளருமான லீ வுல்ஃப் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். ஏப்ரல் கடைசியில் உங்களுக்கு இது பெரும்பாலும் பயன்படாது, ஜூனில் போனால் முயன்று பாருங்கள்.

இன்னொன்று. காற்று வீசி, மடு தேங்கிக் கிடந்தால், வாலில் தொடங்கி மேல்நோக்கி நடங்கள். வீசியபின் இரண்டு எட்டு மேலே ஏறிக்கொண்டே கயிற்றை இழுத்தால், ஓட்டமில்லாத நீரிலும் ஈக்கு உயிர் வரும்.

---

கரைநிற்போன் எழுதியது:

மிக்க நன்றி. பழையகோல் ஐயாவின் கணிப்பு சரிதான்: அந்தக் காலையில் நான் கடந்தது ஐம்பது அடிகூட இருக்காது, வாலை எட்டவே இல்லை. கயிற்றின் நுனியையும் மாற்றவில்லை.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. அன்று ஒரு முறை, ஏதோ இலை தட்டியது போல ஒரு மெல்லிய இழுப்பு உணர்ந்தேன், டிரவுட் பழக்கத்தில் உடனே கோலைத் தூக்கினேன், ஒன்றும் இல்லை. மீன் கவ்வினால் என்ன செய்ய வேண்டும்? மற்றொன்று, காற்று மாறும்போது ஈ என் காதருகே பறந்தது. பதினான்கடி இரட்டைக்கைக் கோலில் எந்தக் காற்றுக்கு எந்த வீச்சு?

---

பழையகோல் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அது கண் போகிற விஷயம். காற்று மேல்நோக்கி, அதாவது ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக வீசினால் ஒற்றை ஸ்பே (ஸ்பே என்பது கயிற்றைப் பின்னால் முழுதாகப் பறக்கவிடாமல், நீரைத் தொட்டு வளையவைத்து எறியும் வீச்சு). காற்று கீழ்நோக்கி வீசினால் இரட்டை ஸ்பே, அல்லது பாம்பு போலச் சுருட்டி எறியும் ஸ்நேக் ரோல். கயிறு நீரைத் தொட்டு வளையும் இடம் எப்போதும் காற்று போகும் பக்கத்தில், உங்கள் உடலைத் தாண்டி இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பக்கம் மாறினால் முள் முகத்துக்கு வரும். கண்ணாடியும் தொப்பியும் எப்போதும் இருக்கட்டும்.

மீன் கவ்வும்போது செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமலிருப்பது. இது சொல்வதற்கு எளிது. டிரவுட் ஈயைக் கவ்வியதும் உமிழும், ஆகவே உடனே தூக்க வேண்டும். சால்மன் எழுந்து வந்து ஈயை வாய்க்குள் வாங்கி, திரும்பித் தன் இடத்துக்கே போகும். அது திரும்பும்போதுதான் முள் வாயின் மூலையில் பதிகிறது. அதற்கு முன் தூக்கினால் வாயிலிருந்து ஈயைப் பிடுங்கிவிடுகிறீர்கள். அரசரை வாழ்த்தும் வாக்கியத்தை ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டுத் தூக்கு என்று அந்நாட்டில் வழிவழியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் கயிறு சுற்றிய உருளைக்கும் விரலுக்கும் இடையே ஒரு முழக் கயிற்றைத் தளர்வாகத் தொங்கவிட்டு வைத்திருப்பேன். மீன் அதை இழுத்துக்கொண்டு போய், உருளை சுழலத் தொடங்கிய பிறகே கோலை நிமிர்த்துவேன்.

---

நீர்மானி எழுதியது:

இதில் மட்டும் நான் பழையகோலிடமிருந்து மாறுபடுகிறேன். தளர்ந்த முழக் கயிறு மிதக்கும் கயிற்றுக்கும் கோடைக்கும் ஏற்றது. அமிழும் நுனியோடு குளிர்நீரில் பிடிக்கும்போது கயிறு ஏற்கனவே நீருக்குள் வளைந்து கிடக்கிறது. அந்த வளைவே மீனுக்குப் போதிய தளர்வு தந்துவிடும். நான் உருளையின் பிடியை இலேசாக வைத்து, கயிற்றை விரலில் பிடிக்காமல், மீன் நேராக உருளையிலிருந்து எடுத்துக்கொள்ள விடுகிறேன். இருவரும் ஒத்துப்போவது எதில் என்றால், கோலைத் தூக்காதீர்கள் என்பதில்.

இலை தட்டியது போன்ற அந்த இழுப்பு மீனாகத்தான் இருந்திருக்கும். அப்படி நடந்தால் அசையாமல் நின்று, கயிற்றின் நீளத்தை மாற்றாமல், இரண்டு நிமிடம் விட்டு, அதே வீச்சை அப்படியே மீண்டும் செய்யுங்கள். வரவில்லை என்றால் ஓரளவு சிறிய ஈயைக் கட்டி, நான்கு எட்டு மேலே ஏறி, மறுபடி இறங்கி வாருங்கள். ஈயை மாற்றுவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இதுதான்.

---

எதிர்நீச்சல் எழுதியது:

ஈயைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். விதிகளை யாரும் சொல்லவில்லை. டீ நதியில் சால்மன் பருவம் பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரை. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டவிரோதம், ஆகவே மூன்று நாள்களைக் கணக்கிடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் சால்மனை எந்த நதியிலும் கட்டாயம் திரும்ப விட வேண்டும். டீயிலோ பருவம் முழுவதுமே திரும்ப விடுவதுதான் நெடுநாள் வழக்கம். 2023ஆம் ஆண்டில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன், அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாக உலகச் செம்பட்டியலில் மாற்றப்பட்டது என்பதையும் நினைவில் கொள்க.

ஆகையால் மும்முள் வேண்டாம். ஒற்றை முள் அல்லது இரட்டை முள்ளை எடுத்து, அதிலுள்ள எதிர்க்கூரைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். முடிச்சில்லாத வலையை நீருக்குள்ளேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரைவிட்டு எடுக்காமல் முள்ளைக் கழற்றுங்கள். அதன் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். பெரிய மீனுக்கு சில நிமிடங்கள் ஆகலாம். ஏப்ரலில் முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்பும் மீன்களும் கவ்வும். வெள்ளியாக மின்னினாலும், தலை பெரிதாகவும் உடல் ஒடுங்கியும் செவுளில் ஒட்டுண்ணிகளோடும் இருந்தால் அது திரும்பும் மீன். அதற்கும் அதே கவனிப்புத்தான்.

அங்கே உங்களுக்கு வழிகாட்டியாக வரும் ஆளைக் கில்லி என்று அழைப்பார்கள். நம் காதுக்கு வேடிக்கையாகத்தான் ஒலிக்கும். ஆனால் எந்த நீர்மட்டத்தில் எந்த மடுவில் மீன் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு இங்கே யாருக்கும் தெரியாது. அவர் ஒரு ஈயைக் கையில் கொடுத்தால், அதைக் கட்டிக்கொண்டு பேசாமல் இறங்குங்கள்.

---

கரைநிற்போன் எழுதியது:

நேற்று இரவு திரும்பினேன். நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா.

முதல் நாள் மழையில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது; இலையும் குச்சியும் தவிர எதுவும் மாட்டவில்லை. இரண்டாம் நாள் காலை வெப்பமானி 6 டிகிரி காட்டியது, நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. கில்லி என் பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் சட்டைப்பையிலிருந்து ஓர் அங்குல வில்லி கன் குழல் ஒன்றைக் கொடுத்தார். மெதுவாக அமிழும் நுனியோடு கழுத்திலிருந்து வால் வரை இரண்டு மணி நேரம் நடந்தேன். வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு மீன் இழுத்தது, கோலைத் தூக்கிவிட்டேன். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் நீர் 9 டிகிரியைத் தொட்டது. 8ஆம் எண் இரட்டை முள்ளில் சில்வர் ஸ்டோட் கட்டினேன். அதே நான்கில் ஒன்று. வாலில், கண்ணாடி போன்ற நீர் சரிவதற்குப் பத்துக் கெஜத்துக்கு மேலே, ஈ தொங்கலுக்கு வந்து நான் ஏழு எண்ணியபோது கயிறு மெல்ல இறுகியது. இம்முறை என் இரு கைகளும் மரத்துப்போயிருந்ததால் தூக்க முடியவில்லை என்பதே உண்மை. உருளை சுழன்றது. பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு, வாலருகே கடல்பேன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த, பத்துப் பவுண்டு மதிக்கத்தக்க ஒரு மீன் வலைக்குள் வந்தது. நீரிலேயே கழற்றிவிட்டோம்.

---

நீர்மானி எழுதியது:

மகிழ்ச்சி. கடல்பேன் ஒட்டியிருந்தால் கடலைவிட்டு ஏறி ஓரிரு நாள்கள்தான் ஆகியிருக்கும். நன்னீரில் அது விரைவில் உதிர்ந்துவிடும். அன்றைய நீர்மட்டத்தைக் குறித்து வைத்தீர்களா? ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நதிகளின் மட்டத்தை இணையத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. அந்த மடுவின் பெயர், அன்றைய மட்டம், வெப்பம், ஈயின் அளவு, வாலிலிருந்து எத்தனை கெஜம் என்ற ஐந்தையும் இன்றே ஒரு தாளில் எழுதி, ஈப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.

---

கரைநிற்போன் எழுதியது:

மட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டேன் ஐயா. மடுவின் பெயரைக் கில்லி இரண்டு முறை சொன்னார். அவருடைய உச்சரிப்பில் இரண்டு முறையும் எனக்குப் புரியவில்லை. நாளை அவருக்கு எழுதிக் கேட்கிறேன்.